பதில் சொல்லாத சென்சாரும் மதிப்பெண் இல்லாத பாடமும்

இறுதியாண்டு புராஜெக்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் பாக்கி. ராஸ்பெர்ரி பை போர்டில் விளக்கு எரிகிறது. அதோடு இணைத்த வெப்பநிலை சென்சார் மட்டும் வாய் திறக்கவில்லை. ‘ரிமோட் ஐ/ஓ எரர், எண் 121’ என்று திரையில் ஒற்றை வரி வந்து நிற்கிறது. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் அடுத்து நடப்பது பலருக்கும் பழகிய காட்சி. மாணவர்கள் முதலில் புரோகிராமை மாற்றுகிறார்கள். பிறகு வேறு யாரோ எழுதிய புரோகிராமைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அதுவும் ஓடாவிட்டால், சென்னைப் பிள்ளைகள் ரிச்சி தெருவுக்கு வண்டியைக் கிளப்புகிறார்கள், புது சென்சார் வாங்க.

பழைய சென்சாரில் உண்மையிலேயே பழுது இருந்ததா? அதை யாரும் சோதிப்பதில்லை. சோதித்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த கணினிதான் ராஸ்பெர்ரி பை. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போவதைக் கண்டு எபன் அப்டனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய அது, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெட்டி இல்லை, மூடி இல்லை. பின்கள் வெளியே தெரியும். நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தபோது அந்த நோண்டுகிற சுதந்திரம் மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது.

இந்தப் போர்டோடு இணைக்கிற சென்சார்களில் பல, ‘ஐ2சி’ என்ற முறையில்தான் பேசுகின்றன. சிப்கள் தமக்குள் பேசிக்கொள்ள 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த முறை இது. இரண்டே கம்பிகள்: ஒன்றில் தகவல், மற்றொன்றில் தாளம். ஒரே தெருவில் பல வீடுகள் இருப்பதுபோல ஒரே கம்பியில் பல சென்சார்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. ‘ஐ2சி டிடெக்ட்’ என்ற கட்டளை ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்து, பதில் வந்த எண்களைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும். பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 சென்சார் என்றால் ஹெக்ஸ் கணக்கில் 76 அல்லது 77 தெரிய வேண்டும். தெரிந்தால் கம்பியில் குறையில்லை, புரோகிராமைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் புரோகிராமை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அரை நிமிட வேலை, ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எண் தெரியவில்லை என்றால் எங்கே தேடுவது? ராஸ்பெர்ரி பையில் ஐ2சி வசதி ஆரம்பத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்கில் போய் இயக்க வேண்டும். அடுத்து, தகவல் கம்பியும் தாளக் கம்பியும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் பாய்ந்தால் சிப்பே போய்விடலாம். ஒரே கதவு எண்ணில் இருவர் குடியிருப்பதும் உண்டு. அசைவை அளக்கும் எம்பியு6050, நேரம் காட்டும் டிஎஸ்3231 இரண்டுக்கும் எண் 68தான். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் குழப்பம். எம்பியு6050இன் ஒரு பின்னுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் அது 69க்கு மாறிக்கொள்ளும்.

பேசாத சென்சாரையாவது கண்டுபிடித்துவிடலாம். தவறாகப் பேசுகிற சென்சார்தான் ஆபத்து. பிஎம்இ280 என்று சொல்லி விற்கப்படும் மாட்யூல்களில் சில, ஈரப்பதம் அளக்கத் தெரியாத பிஎம்பி280 ஆக இருக்கின்றன. இரண்டுக்கும் கதவு எண் ஒன்றே. உள்ளே பதிந்திருக்கும் அடையாள எண்ணைக் கேட்டால் குட்டு வெளிப்படும்: முன்னது 60 என்னும், பின்னது 58 என்னும். உற்றுப் பார்க்கிற கண்ணுக்குக் கருவியே வேண்டாம். பிஎம்இ280இன் உலோக மூடி சதுரம். பிஎம்பி280இன் மூடி கொஞ்சம் நீள்சதுரம்.

தண்ணீர்த் தொட்டி புராஜெக்டுகளில் மூழ்கவைக்கிற டிஎஸ்18பி20 சென்சார் இன்னொரு பாடம். சில நேரம் அது திடீரென்று 85 டிகிரி என்று சொல்லும். தண்ணீர் கொதிக்கவில்லை, அளவெடுத்து முடிப்பதற்குள் மின்சாரம் தடுமாறியிருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் அந்தச் சிப்பின் நினைவில் இருக்கும் தொடக்க எண்தான் 85. இதை அறியாத மாணவர் அந்த எண்ணையும் சேர்த்துச் சராசரி போட்டு, வரைபடம் வரைந்து, ரிப்போர்ட்டில் பைண்ட் செய்துவிடுகிறார். நாளை மருத்துவமனையின் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குக் கண்காணிப்புக் கருவி செய்யப் போகிறவரும் அவர்தானே?

பழுது தேடுவதைப் பாடமாக்க நேரமில்லை, ஒரு ஆசிரியருக்கு அறுபது மாணவர்கள் என்று கல்லூரிகள் சொல்லும். அந்தச் சிரமம் உண்மை. ஆனால் புதிய தாள் ஒன்றும் தேவையில்லை. செமஸ்டருக்கு ஒரு லேப் வகுப்பு போதும். வேண்டுமென்றே பழுதாக்கிய நான்கு சர்க்யூட்டுகளை மேசையில் வைக்கலாம். ஒன்றில் கம்பி இடம் மாறியிருக்கட்டும், ஒன்றில் 68 மோதட்டும், ஒன்றில் பிஎம்பி280 வேடம் போட்டிருக்கட்டும், ஒன்றில் பின்னுக்குச் சால்டர் வைக்காமல் இருக்கட்டும். கையில் ஒரு மல்டிமீட்டர். என்ன பார்த்தார்கள், எதைச் சந்தேகித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று எழுதியதற்கு மதிப்பெண். கடைசிவரை பழுது பிடிபடாவிட்டாலும், தேடிய வழி சரியென்றால் மதிப்பெண் தர வேண்டும். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக மத்திய அரசு நிதி தந்து நடத்தும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களிலும் இதையே எளிமையாகச் செய்யலாம்.

சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது திணறும் மாணவி, இந்த வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்திருந்தால் கடைக்கு ஓடமாட்டார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலிக்கும் இடத்தில் திருப்பி, ஒரு முனையைப் பின்னிலும் மறு முனையை மாட்யூலின் தடத்திலும் வைப்பார். சத்தம் வராது. மாட்யூலோடு தனியாக வந்த நான்கு பின்களை ஓட்டையில் செருகியதோடு சரி, சால்டர் வைக்கவில்லை என்பது அப்போது தெரியும். ஈயம் ஆறியதும் திரையில் 76 வந்து நிற்கும். அந்த அரை மணி நேரத்தை எழுத அவருடைய ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கமும், அந்தப் பக்கத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் வேண்டும்.