கல்லீரல் கெட்டால் கிட்னி ஏன் நிற்கிறது? டயாலிசிஸ் மட்டும் போதுமா?

2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அடுத்தடுத்து கொண்டுவரப்பட்டதை விழுப்புரம் மாவட்டம் மறந்திருக்காது. மெத்தனால் விஷம் ஓரிரு நாளில் உயிர்களைப் பறித்தது. ஆனால், வருஷக்கணக்காக குடிப்பவர்களுக்கு ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. முதலில் கல்லீரல், அடுத்து கிட்னி.

குடிப்பழக்கம் மட்டுமல்ல, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ், கொழுப்புக் கல்லீரல் முற்றினாலும் இதே கதைதான்.

என்ன நடக்கிறது?

கல்லீரல் சுருங்கி இறுகினால் ரத்தம் அதன் வழியே சுலபமாகப் போக முடியாது. வயிற்றுப் பகுதி ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கேயே தேங்கும். தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் கடைசி வீட்டுக் குழாயில் சொட்டு வராத மாதிரி, கிட்னிக்கு ரத்தம் போதாமல் போகும். இதுதான் 'ஹெபடோரீனல் சிண்ட்ரோம்'. ஆரம்பத்தில் கிட்னி பழுதாவதில்லை, பட்டினி கிடக்கிறது. அதனால்தான் சீக்கிரம் கவனித்தால் மீட்க வாய்ப்பு உண்டு.

எது தூண்டுகிறது?

வயிற்று நீரில் கிருமித் தொற்று, ரத்த வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவுக்கு மீறிய நீர் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் இதில் சேரும்.

டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 கூடினாலே எச்சரிக்கை. தசை கரைந்த நோயாளிக்கு அது நார்மல் போலக்கூட தெரியலாம். முதலில் நீர் மாத்திரையை நிறுத்தி, வயிற்று நீரை எடுத்து தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஆல்புமின் ஏற்றுவார்கள். அதற்கும் சரியாகாமல், ஹெபடோரீனல் சிண்ட்ரோம்தான் என்று தெரிந்தால் டெர்லிபிரெசின் ஊசி. மூச்சுத்திணறல் வரலாம் என்பதால் கண்காணிப்பிலேயே தருவார்கள்.

டயாலிசிஸ்?

மெத்தனால் விஷத்தில் டயாலிசிஸ் விஷத்தையே வெளியேற்றும். இங்கே மூலகாரணம் கல்லீரல். டயாலிசிஸ் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். பலருக்கு நிரந்தரத் தீர்வு கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை.

எப்போது கிளம்ப வேண்டும்?

சிறுநீர் குறைவது, காய்ச்சல், வயிற்றுவலி, குழப்பமான பேச்சு, கறுப்பு மலம். இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கமோ, ஜிப்மரோ, பக்கத்தில் எதுவோ அங்கே அன்றைக்கே போங்க. அவசரம்னா 108. சாப்பிடும் மாத்திரை எல்லாத்தையும் பையோடு எடுத்துட்டுப் போங்க.