இருதயப் பரிசோதனையும் முதுமையடைந்த அணு உலைகளும்

மார்பு வலியுடன் வரும் நோயாளியின் இருதயத் தசைக்குப் போதிய இரத்தம் செல்கிறதா என்பதைக் காட்டும் முக்கியப் பரிசோதனை ஒன்று, வேறொரு நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் கட்டப்பட்ட அணு உலை அந்த வாரம் இயங்குகிறதா என்பதில் தங்கியிருக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே பலரும் அறியாத இந்த உண்மை, 2024 அக்டோபரில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

நெதர்லாந்தின் பெட்டன் நகரிலுள்ள உலையின் குழாய் ஒன்று உருக்குலைந்திருப்பது அப்போது கண்டறியப்பட்டது. இதனால் திட்டமிட்ட நாளில் உலையை மீண்டும் இயக்க முடியவில்லை. தனக்கெனச் சொந்த உற்பத்தி இல்லாத பிரிட்டனில், சுகாதார அதிகாரிகள் மருத்துவமனைகளுக்குத் தட்டுப்பாட்டு எச்சரிக்கை விடுத்தனர். உலை திரும்பவும் இயங்கியதும் நிலைமை சீரடைந்தது. ஆனால் நெருக்கடிக்கு அடிப்படையான காரணங்கள் புதியவை அல்ல.

சேமிக்க முடியாத பொருள்

தட்டுப்பாடானது மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள். யுரேனியத் தகடுகளை அணு உலையில் வைத்துப் பிளப்பதன் மூலம் பெறப்படும் இது, சிதையும்போது டெக்னீசியம்-99எம் ஆக மாறுகிறது. உலகில் அணு மருத்துவப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை இந்த டெக்னீசியத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. அவற்றுள் இருதயப் பரிசோதனைக்கு முதன்மையான இடமுண்டு.

டெக்னீசியம் சேர்த்த மருந்து நோயாளியின் நரம்பில் ஏற்றப்படுகிறது. இரத்தம் சென்றடையும் தசைப் பகுதியில் அது தங்குகிறது. ஓய்வு நிலையிலும், உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இருதயம் வேகமாகத் துடிக்கும் நிலையிலும் படங்கள் எடுக்கப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. ஓய்வில் ஒளிரும் பகுதி உழைப்பின்போது மங்கினால், அங்கு செல்லும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கக் கூடும். இரண்டிலும் மங்கியிருந்தால் தசை ஏற்கனவே சேதமடைந்திருக்கலாம். அறுவைச் சிகிச்சை தேவையா, மருந்து போதுமா என்ற முடிவுக்கு இந்த வேறுபாடு உதவுகிறது.

சிக்கல் காலத்தில்தான் உள்ளது. மாலிப்டினத்தின் அளவு 66 மணிநேரத்தில் பாதியாகிவிடும். டெக்னீசியமோ 6 மணிநேரத்தில். தானியத்தைப் போலக் களஞ்சியத்தில் சேர்த்துவைக்க இயலாது. உலை நின்றால், அதன் விளைவு சில நாட்களிலேயே மருத்துவமனையின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

கனடா எதிர்கொண்ட தெரிவு

இந்த உண்மை ஓர் அரசியல் நெருக்கடியாகவே வெடித்தது கனடாவில்தான். ஒண்டாரியோ மாகாணத்தின் சாக் ரிவர் ஆய்வு மையத்தில், 1957 முதல் இயங்கிவந்த என்.ஆர்.யூ. உலை 2007 நவம்பரில் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. நிலநடுக்கத்தையும் தாங்கக்கூடிய அவசர மின்சார இணைப்பு அதன் குளிர்விப்புப் பம்புகளுக்கு இல்லை என்பது அப்போது தெரியவந்தது. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள் நிறைவேற்றப்படாமல் உலையை இயக்க முடியாது என்பது அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு.

பரிசோதனைகள் ஒத்திவைக்கப்பட்டன. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு, ஆணையத்தின் அதிகாரத்தைத் தற்காலிகமாக விலக்கி உலையை இயக்க அனுமதிக்கும் அவசரச் சட்டத்தை 2007 டிசம்பரில் கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகளும் ஆதரவளித்தன. அடுத்த மாதம் ஆணையத்தின் தலைவர் பதவியிலிருந்து லிண்டா கீன் நீக்கப்பட்டார்.

நோயாளிகளின் உயிரா, ஒழுங்காற்று அமைப்பின் சுதந்திரமா என்பதாகவே அன்று கேள்வி முன்வைக்கப்பட்டது. காத்திருந்த நோயாளிகளின் துன்பம் உண்மையானது. ஆனால் இவ்விரண்டில் ஒன்றையே தெரிவு செய்ய வேண்டிய நிலை இயற்கையாக ஏற்பட்டதல்ல. பழைய உலைக்குப் பதிலாக மேப்பிள் என்ற பெயரில் இரு புதிய உலைகள் கட்டப்பட்டிருந்தன. 2000ஆம் ஆண்டளவில் அவை செயற்படத் தொடங்கியிருக்க வேண்டும். வடிவமைப்புக் கணிப்புகளுக்கு முரணாக அவை நடந்துகொண்டதால், 2008 மே மாதம் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஓராண்டு கழித்து, 2009 மே மாதம், என்.ஆர்.யூ. உலையில் கனநீர்க் கசிவு ஏற்பட்டது. அது மீண்டும் இயங்கியது 2010 ஆகஸ்டில். அதற்குள் பெட்டன் உலையும் பழுதுபார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. உலக உற்பத்தியின் பெரும்பகுதியை வழங்கிய இரு உலைகளும் ஒரே நேரத்தில் முடங்கின. பல மருத்துவமனைகள் தாலியத்தைக் கொண்டு செய்யப்படும் பழைய முறைக்குத் திரும்பின. அதில் நோயாளி பெறும் கதிர்வீச்சு அதிகம். படத்தின் தெளிவு குறைவு.

விலையில் சேராத செலவு

இவ்வளவு இன்றியமையாத பொருளை உற்பத்தி செய்யப் புதிய உலைகள் ஏன் போதிய அளவில் எழவில்லை? 2009இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் அணுசக்தி முகமை அமைத்த உயர்மட்டக் குழு இதை ஆராய்ந்தது. உலைகள் அரசுகளின் பணத்தில் ஆராய்ச்சிக்காகக் கட்டப்பட்டவை; எனவே மாலிப்டினத்தின் விலையில் உலையின் உண்மைச் செலவு சேர்க்கப்படவில்லை என்பதே அதன் முக்கிய முடிவு. விலை செயற்கையாகக் குறைவாக இருக்கும்போது தனியார் முதலீடு வராது. பிற நாடுகளின் நோயாளிகளுக்காகத் தமது மக்களின் வரிப்பணத்தைச் செலவிட அரசுகளும் தயங்குகின்றன.

2018 மார்ச்சில் என்.ஆர்.யூ. நிரந்தரமாக மூடப்பட்டது. ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, பெல்ஜியம், போலந்து, செக் குடியரசு ஆகியவற்றின் உலைகளும் பெட்டனுமே இன்று முக்கிய ஆதாரங்கள். ஆஸ்திரேலிய உலையைத் தவிர மற்றவை அரை நூற்றாண்டு கடந்தவை. பெட்டனில் பல்லாஸ் என்ற புதிய உலைக்கான கட்டுமானப் பணிகள் தொடங்கியுள்ளன.

மாற்று வழிகள் போதுமா?

சி.டி. ஸ்கேன் மூலம் இருதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறை பெரிதும் முன்னேறியுள்ளது. நிலையான மார்பு வலிக்கு அதுவே முதற் பரிசோதனை என 2016இல் இங்கிலாந்தின் வழிகாட்டுநெறி பரிந்துரைத்தது. ஆனால் குழாயில் அடைப்பு இருப்பதைக் காண்பது வேறு. அந்த அடைப்பு இரத்தவோட்டத்தை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று அறிவது வேறு. சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு அம்முறையில் ஏற்றப்படும் அயோடின் திரவம் தீங்காகலாம்.

துகள் முடுக்கிகளில் டெக்னீசியத்தை நேரடியாகத் தயாரிக்க முடியும் என்பதையும் கனடிய விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர். எனினும் 6 மணிநேரக் கணக்கு அங்கும் பொருந்துவதால், அது முடுக்கியை அண்மித்த நகரங்களுக்கே பயன்படும்.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இருதய நோய் அதிகமாகவும் இளவயதிலேயும் வருவதாக பிரிட்டனிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே அந்நாடுகளில் குடியேறிய தமிழர்களுக்கும் இது தொலைதூரத்து விவகாரம் அல்ல. குடிநீரும் மின்சாரமும் தடைப்படாதிருக்க அரசுகள் உபரித் திறனைப் பேணுவதுபோல, பெரும்பாலான நாட்களில் தேவைப்படாத ஒரு மேலதிக உலைக்கும் பணம் செலுத்த அவை முன்வர வேண்டியிருக்கும். அந்தச் செலவைத் தவிர்க்கும்வரை, 2007இல் கனடிய நாடாளுமன்றத்தின் முன் வந்த கேள்வி வேறொரு தலைநகரில் மீண்டும் எழும் வாய்ப்பே அதிகம்.