புகைமூட்டத்தைத் திருத்தும் மென்பொருள்

ஓரிடத்தில் நிலையாகப் பொருத்திய கேமராவால் 30 விநாடிக்கு ஒன்றாக 24 மணி நேரம் படமெடுத்தால் 2,880 ஒளிப்படங்கள் கிடைக்கும். விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் அவற்றைக் கோத்தால் ஒரு முழு நாள் 2 நிமிடத்தில் ஓடிமுடியும். டைம்லாப்ஸ் எனப்படும் காலச்சுருக்கப் படத்தின் கணக்கு இவ்வளவே. ஆனால் எடுத்த படங்களுக்கும் திரையில் ஓடும் காட்சிக்கும் இடையில் மென்பொருள் செய்யும் வேலை இவ்வளவு எளிதன்று. அவ்வேலையில் எது திருத்தம், எது அழிப்பு என்று பார்ப்பவர் அறிய வழியில்லை. இன்றைய காலச்சுருக்கப் பட மென்பொருள்களின் முதன்மைக் குறை இதுவே. தில்லியின் காற்றைப் படமெடுப்போருக்கு இது அழகியல் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சான்றின் நம்பகத்தன்மையையும் தொடுகிறது.

மென்பொருள் முதலில் களைய முற்படுவது மினுக்கலை. லென்சின் அப்பர்ச்சர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குத் துல்லியமாக மூடுவதில்லை. தானியங்கி முறையில் இயங்கும் கேமரா வெளிச்சத்தைப் படிப்படியாகத் தாவித் தாவி மாற்றுகிறது. இதனால் அடுத்தடுத்த படங்கள் வெளிச்சத்தில் வேறுபட, ஓடும் காட்சி துடிக்கிறது. டிஃப்ளிக்கர் எனப்படும் வசதி, ஒவ்வொரு படத்தின் சராசரி வெளிச்சத்தையும் கணக்கிட்டு, அக்கம்பக்கத்துப் படங்களோடு ஒப்பிட்டு, ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்கிறது. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் குந்தர் வெக்னர் உருவாக்கி, லைட்ரூம் மென்பொருளோடு இணைந்து இயங்கும் எல்ஆர்டைம்லாப்ஸ் இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுவது. பகலிலிருந்து இரவுக்கு நகரும் காட்சியைத் தடையின்றி இழைய வைப்பதும், படத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அளவுகோலாகக் கொள்ள இடமளிப்பதும் அதன் சிறப்புகள். அக்கருவி எதற்காக உருவாக்கப்பட்டதோ அதை நன்றாகவே செய்கிறது.

சிக்கல், வெளிச்ச மாற்றம் அனைத்தையும் கேமராவின் பிழையாகக் கருதும்போது தொடங்குகிறது. தில்லியில் வானமும் மாறுகிறது. கோடையில் எழும் புழுதிப்புயல் சில நிமிடங்களில் நண்பகலை மங்க வைக்கும். குளிர்காலத் தொடக்கத்தில், தரையையொட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர, வாகனப் புகையும் வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகையும் மேலெழ வழியின்றித் தேங்கும். 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494 எனப் பதிவானது. அந்த அளவுகோலின் உச்சமே 500தான். அத்தகைய நாளின் காலச்சுருக்கப் படத்தில் சாம்பல் நிறம் படர்ந்து கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைவதுதான் செய்தி. சமன்செய்யும் கணக்கு, தன் இயல்பின்படி, அந்தச் செய்தியின் கூர்மையை மழுக்குகிறது.

மூட்டத்தை நேரடியாகவே நீக்கும் கருவியும் உண்டு. 2015இல் அடோபி நிறுவனம் லைட்ரூமில் டிஹேஸ் என்னும் வசதியைச் சேர்த்தது. இவ்வகை ஆய்வில் 2009இல் கைமிங் ஹே, ஜியன் சுன், சியாவோ டாங் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை பெரும் தாக்கம் செலுத்தியது. மூட்டமில்லாத வெளிப்புறக் காட்சியில், வானத்தைத் தவிர்த்த பகுதிகளில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். மூட்டம் சூழ்ந்தால் அது உயரும். அந்த உயர்விலிருந்து மூட்டத்தின் அடர்த்தியை மதிப்பிட்டு, பின்னர் அதைக் கழிப்பதே அம்முறை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அம்முறை மூட்டத்தை முதலில் அளந்து, பிறகுதான் நீக்குகிறது. ஆய்வாளருக்குத் தேவைப்படும் அந்த மதிப்பீட்டைக் குப்பையில் இட்டுவிட்டு, தெளிந்த காட்சியை மட்டும் கையில் கொடுப்பது விந்தையான ஏற்பாடு. அம்மதிப்பீடு நுண்துகளின் அளவுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் ஒரே இடத்தின் இரு நாள்களை ஒப்பிட அது உதவும்.

ஒப்பீட்டின் எடை சிறிதன்று. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கத்துக்குப் பின், இந்தியா கேட்டின் மங்கிய படமும் தெளிந்த படமும் அருகருகே வைக்கப்பட்டு உலகெங்கும் பரவின. இரு படங்களும் ஒரே விதமாகக் கையாளப்பட்டிருந்தால்தான் இத்தகைய இணைகள் எதையேனும் நிறுவும். இரண்டு படங்களுக்கே இக்கேள்வி பொருந்துமெனில் 2,880 படங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது அதன் ஹாஷ் மதிப்பைக் குறிக்கும் சான்றிதழையும் கோருகிறது. ஹாஷ் மதிப்பு, சான்றளிக்கப்பட்ட கோப்பு பின்னர் மாறவில்லை என்பதை உறுதிசெய்யும். கோப்பு உருவாகும் முன் படங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாது.

பதிப்பு என்னும் செயலைத் தமிழ்ப் புலமை மரபு நன்கறியும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, ஒன்றோடொன்று முரணும் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்பிட வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆனால் தேராத பாடங்களைப் பாடபேதமாகக் குறித்து வைப்பது பதிப்பு அறம். அக்குறிப்பு இருப்பதனால்தான் பின்வந்தோர் அத்தேர்வை மறுக்கவும் முடிகிறது. இப்போதைய மென்பொருள் பாடபேதம் காட்டாத பதிப்பாசிரியரைப் போன்றது. அதன் பொத்தான்களின் பெயர்களும் கவனத்துக்குரியவை. தமிழில் ‘திருத்தம்’ என்பது பிழை நீக்கத்தையும் குறிக்கும், செம்மையையும் குறிக்கும். ஒரு செயலுக்குத் திருத்தம் என்று பெயரிட்டவுடன், முன்பிருந்தது பிழை என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

எனவே மென்பொருளாளர்கள் செய்யத்தக்கவை சில.

முதலாவது, கேமராவின் மாற்றத்தையும் உலகின் மாற்றத்தையும் பிரித்துக் காட்டுதல். ஷட்டர் நேரம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ ஆகியவற்றைக் கேமரா ஒவ்வொரு கோப்பிலும் எழுதிவைக்கிறது. அவற்றால் விளைந்த மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். எஞ்சுவதில், படத்துக்குப் படம் ஒழுங்கின்றித் துள்ளுவது பெரும்பாலும் அப்பர்ச்சரின் வழுவல். பல படங்களுக்கு ஒரே திசையில் நீடிப்பது பெரும்பாலும் வானத்தின் மாற்றம். இவ்விரண்டையும் தனித்தனி வரைகோடுகளாகக் காட்டி, முன்னதை மட்டும் சமன்செய்வதே இயல்பான தேர்வாக அமைய வேண்டும்.

இரண்டாவது, விடுபட்ட நேரத்தை மறைக்காதிருத்தல். கேமரா 20 நிமிடம் நின்றுபோனால் 40 படங்கள் இழக்கப்படும். ஓடும் காட்சியில் அது 2 விநாடிக்கும் குறைவு. எவர் கண்ணிலும் படாது. படங்களின் நேர முத்திரையைக் கொண்டு இடைவெளியைக் கண்டறிந்து, காட்சியின் அடியில் ஒரு காலக்கோட்டில் அதைக் காட்டுவது கடினமன்று.

மூன்றாவது, இட்டு நிரப்பிய படங்களை அடையாளப்படுத்துதல். இரு படங்களுக்கு இடையே மென்பொருள் தானே உருவாக்கும் படம் எந்தக் கேமராவும் காணாத காட்சி. ஓட்டத்தின் வழுவழுப்புக்கு அது உதவலாம். சான்றின் கணக்கில் அது சேரக் கூடாது.

நான்காவது, பாடபேதக் கோப்பு. ஒவ்வொரு படத்துக்கும் செய்யப்பட்ட மாற்றங்களை எண்களாக எழுதிய எளிய அட்டவணை ஒன்று காணொளியோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். லைட்ரூம் வழியில் எக்ஸ்எம்பி கோப்புகள் இத்தகவலின் பெரும்பகுதியை ஏற்கெனவே தாங்கியுள்ளன. காணொளியாகும் கணத்தில்தான் அவை பிரிந்து நின்றுவிடுகின்றன.

இவை கலைஞர்களுக்குச் சுமையாகும் என்பர். அழகுக்காகப் படமெடுப்போர் மூட்டத்தை நீக்குவதில் குற்றமில்லை. அவர்களிடமிருந்து எந்த வசதியையும் பறிக்கும்படி இங்கே கோரப்படவில்லை. 2,880 படங்களுக்கான எண் அட்டவணை, பதப்படுத்தாத ஒற்றைப் படக் கோப்பைவிடச் சிறியதாகவே இருக்கும். அறிவியலுக்கு இத்தகைய ஒழுக்கம் புதிதுமன்று. செடிகொடிகளின் பருவ மாற்றத்தைக் கண்காணிக்க 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபீனோகேம் வலையமைப்பு, நிலையான வெண்சமநிலையையும் படத்தில் வரையறுத்த பகுதியையும் வலியுறுத்துகிறது. அவ்வொழுக்கத்தைத் தனி வலையமைப்பு இல்லாத மாணவரும் கைக்கொள்ளும்படி செய்வதே மென்பொருளின் கடமை.

மென்பொருள் மாறும்வரை பல்கலைக்கழகத் துறைகள் காத்திருக்கத் தேவையில்லை. காலச்சுருக்கப் படத்தைத் தரவாக முன்வைக்கும் ஆய்வேடுகளிடம் மூன்றைக் கேட்கலாம்: திருத்தப்படாத மூலப் படங்கள், விடுபட்ட நேரங்களின் பட்டியல், செய்த திருத்தங்களின் குறிப்பு. இம்மூன்றும் இல்லாத காணொளியை விளக்கப்படமாக ஏற்கலாம். சான்றாக ஏற்க இயலாது.