கோடி தமிழே

தனுக்கோடி வடமொழிப் பெயர் என்றும், வில்லின் நுனி என்பதே அதன் பொருள் என்றும் கற்றோரே கூறி வருகின்றனர். தனு வடசொல்லே, மறுப்பாரில்லை. வில்நுனிக்கு வடமொழியிலும் கோடி என்னும் சொல் வழங்குதலால், ஊர்ப்பெயர் முழுவதையுமே வடமொழிக்குக் கொடுத்துவிடுதல் முறையோ?

கோடுதல் என்பது வளைதல். நிலம் வளைந்து முடியுமிடம் கோடி. தெருக்கோடி, கடைக்கோடி என எழுத்தறியாரும் வழங்குவர். சோழநாட்டுக் கடற்கரை மேற்கே திரும்பும் முனைக்குக் கோடிக்கரை என்பதே பெயர். ஆங்கு வில் ஏது? அகநானூற்று 70ஆம் பாட்டு பாண்டியர்க்குரிய பழந்துறை ஒன்றைக் கோடி என்கிறது. அதனைத் தனுக்கோடியாகக் கொள்வோர் பலர். இராமனைக் குறிப்பிடும் அப்பாட்டிலேயே தனு என்னும் அடை இல்லை என்பதை ஓர்க.

இத்தீவின் தலைவாயிலாகிய பாம்பன், நெளிந்தோடும் நீர்வழியால் பாம்பின் பெயர் பெற்றது என்பர் ஊரார். குந்துகால், ஓலைக்குடா, அலை அரிக்கும் அரிச்சல்முனை ஆகிய யாவும் தமிழே. கடலோடு வாழ்ந்தோர் கண்டவாறே பெயரிட்டனர்.

1964 திசம்பர் 22 இரவு எழுந்த புயலில் தனுக்கோடி ஊர் அழிந்தது. துறைக்கும் திட்டுக்கும் பாறைக்கும் வழங்கிய பெயர்கள், தப்பிப் பிழைத்தோர் நாவிலேயே எஞ்சியுள்ளன. அவரும் மூத்துவிட்டனர், எழுதப்படாத பெயர் அவரோடு மறையும்.

பாம்பன் வட்டாரத்துத் தமிழாசிரியர்காள்! மாணாக்கரை அம்முதியோரிடம் விடுத்து, அப்பெயர்களைக் கேட்டெழுதச் செய்ம்மின். மேடையேறி வடமொழியைப் பழித்தலினும், ஒரு துறையின் பெயரைக் காத்தலே தமிழ்த்தொண்டாம்.