முகம் மங்காத டி.வி.டி.



காரைக்கால்மேட்டில் ஒரு வீட்டில் வளைகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி செல்போனில் அழகாகப் படம் பிடிக்கிறாள். பாட்டிக்கோ செல்போன் பழக்கமில்லை. டெலிவிஷன் பக்கத்தில் இருக்கும் டி.வி.டி. பெட்டிதான் கைவந்தது. பிரான்ஸில் இருக்கும் சித்தப்பா வீட்டாரும் ஒரு தட்டு கேட்கிறார்கள். ஆசையோடு பதிந்து போட்டுப் பார்த்தால், செல்போனில் பளிச்சென்று இருந்த முகங்கள் மங்கிக் கிடக்கின்றன! உடனே தட்டு மட்டம் என்று பழி சொல்கிறோம். பாவம், அதன்மேல் குற்றமில்லை.

செல்போன் சாதாரணமாக 1920-க்கு 1080 புள்ளிகளில் படம் எடுக்கிறது. டி.வி.டி. படத்துக்கு நம் நாட்டு முறையில் 720-க்கு 576 புள்ளிகள்தான். பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு! ஐந்து படி அரிசியை ஒரு படிப் பாத்திரத்தில் கொட்டினால் மிச்சம் சிந்தத்தானே செய்யும்? இந்த நஷ்டத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் இதற்குமேல் நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

முதலாவது, வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த படத்தைப் பதியாதீர்கள். அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடுகிறது. எடுத்த செல்போனிலிருந்து வயர் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். தூரத்திலிருந்து வரவேண்டுமானால் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் அகலமான டெலிவிஷன் திரையில் நடுவே மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இரு பக்கமும் கறுப்புத்தான்.

மூன்றாவது, ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குமேல் திணிக்காதீர்கள். தட்டின் கொள்ளளவு 4.7 ஜி.பி. ஒரு மணி நேரப் படமானால் விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் தாராளமாகக் கொடுக்கலாம். மூன்று மணி நேரத்தை அடைத்தால், ஆட்கள் நடமாடும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். 'டி.வி.டி. ஸ்டைலர்' என்ற இலவச மென்பொருளில் இந்த அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோவில் கொடுத்தால், "ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிரான்ஸுக்கு அனுப்புகிறவர்களுக்குக் கவலை வேண்டாம். அங்கும் டி.வி.டி.க்கு 576 வரிகள், விநாடிக்கு 25 படங்கள் என்ற அதே கணக்குத்தான்.

இனி முக்கியமான விஷயம். பாட்டி பார்க்கும் தட்டு பார்ப்பதற்கு மட்டுமே; பாதுகாப்பதற்கு அல்ல. செல்போனில் எடுத்த அசல் படத்தைச் சுருக்காமல், கோப்பாகவே வேறொரு தட்டில் பதியுங்கள். அதில் சுமார் அரை மணி நேரப் படம்தான் கொள்ளும். பழைய பெட்டியில் ஓடாமலும் போகலாம். ஆனால் ஐந்து பங்கும் அப்படியே இருக்கும். நாளை வேறு கருவி வந்தாலும் அதிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தட்டை வெயில் படாத இடத்தில் வையுங்கள். பதிவைத் தாங்கும் சாயம் வெளிச்சத்தில் கெடும். இன்னொரு பிரதியைக் கரையோரத்தில் இல்லாத உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையோர ஊர்களில் புகுந்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் போட்டோ ஆல்பங்களும் போயின. படகை மறுபடி வாங்கலாம், பாத்திரத்தை வாங்கலாம். போன மனிதரின் முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இரண்டு தட்டுகளின் விலை சொற்பம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பதிந்துவிடுங்கள். பதிந்ததும் முழுவதும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகே செல்போனில் இடம் காலி செய்யுங்கள்.