பவளத்துக்கு நீல லைட் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ரீல்ஸில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும் பவளம். ‘இந்த நீல எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டினாலே போதும்’ என்கிறது விளம்பரம். விலையும் குறைவுதான். பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருந்துகொண்டு இரண்டு கிளிக்கில் ஆர்டர் போட்டுவிடலாம். போடலாமா?

முதலில் அந்த லைட் என்ன செய்யும்னு பார்ப்போம். பல பவளங்களின் திசுவில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால், அதை வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி அனுப்பும். அதாவது, ஸ்ட்ரிப் இருக்கிற நிறத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பவளத்துக்குச் சோறு போடுவது அதன் உள்ளே வாழும் நுண்பாசி. அதற்குத் தரமான மெயின் லைட் வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் பவளம் பழுப்பாகும். பதறிப்போய் திடீரென லைட்டைக் கூட்டினால் பாசி வெளியேறி வெளுத்துவிடும். நம்ம ஊர் மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றாலும் அதே கதிதான். ஆக, லைட் மலிவு. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்தான் பர்ஸைக் காலி செய்யும்.

‘பணம் இருக்கு, பார்த்துக்கலாம்’ என்பவர்களுக்கு: பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடல்விசிறி, கருப்புப் பவளமும் இதில் அடக்கம். பட்டியலில் வராத மென்பவளங்களும் உண்டு. ஆனால் ‘இது சாஃப்ட் கோரல்தான் சார்’ என்ற வாய்வார்த்தை போதாது, அறிவியல் பெயரோடு பில் கேளுங்கள். லைட் விற்கிற பக்கங்களில் பவளத்தின் படம் பளபளக்கிறது, இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதைக் கட்டாயமாக்கணும் என்பது என் கருத்து.

என்னைக் கேட்டால், சிலிக்கான் பவளம் வாங்குங்க. நீல ஒளியில் ஒளிரும் சாயம் சேர்த்தே வருகிறது. அதற்கு இந்த மலிவு ஸ்ட்ரிப் தாராளம். சில்லர் வேண்டாம், உப்புத் தண்ணீர்கூட வேண்டாம். கப்பி மீனோடு வைக்கலாம். ஸ்ட்ரிப் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதாகவும், தண்ணீர் புகாததாகவும் இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறணும். இல்லையென்றால் தண்ணீர் வயர் வழியே பிளக்குக்கே போய்விடும்.

அசல்தான் பார்க்கணுமா? பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். பெரம்பலூர் மாவட்டம் காரையில் அம்மோனைட் படிமங்கள் கிடைக்கின்றன. பக்கத்து கல்லக்குடி சுண்ணாம்புக்கல்லில் அந்தக் கடலின் பவளங்களே கல்லாக உறைந்திருக்கின்றன. பைக்கில் போய்ப் பார்க்கலாம். எதையும் பெயர்த்து எடுத்து வந்துடாதீங்க.