மூடின கடைகளும் காணாமல் போன கண்டங்களும்

பி.காம் படிக்கிறவனுக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

முதலாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு அசைன்மென்ட். ஊர்க் கடைத்தெருவில் எந்தக் கடை எந்த வருஷம் திறந்தது என்று விசாரித்து எழுத வேண்டும். வெயிலில் 63 கடை ஏறி இறங்கினேன். முக்கால்வாசி 2010க்குப் பிறகு வந்தவை. "எங்கள் ஊரில் வணிகம் வளர்ந்ததே 2010க்குப் பிறகுதான்" என்று பெரிய முடிவுரை எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, மூடின கடையை எல்லாம் யாரு எண்ணுறது?" வகுப்பே சிரித்தது.

அந்த அவமானம் ஆறியது, கண்டங்கள் எப்படி வளர்ந்தன என்று படித்தபோதுதான். பெரிய ஆட்களும் இதே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்! 1969இல் ஹர்லி, ராண்ட் என்ற இருவர், உலகக் கண்டங்களில் எவ்வளவு பரப்பு எந்த வயதுப் பாறை என்று கணக்குப் போட்டார்கள். பழசு கொஞ்சம், புதுசு நிறைய. ஆகவே கண்டங்கள் மெதுவாகத் தொடங்கிப் பிற்காலத்தில் வேகமாக வளர்ந்தன என்று வரைபடம் போட்டார்கள். என் அசைன்மென்ட் மாதிரியேதான்.

கண்டம் என்பது வரவு மட்டும் உள்ள கணக்கு இல்லை. மழையும் ஆறும் பாறையை அரித்துக் கடலில் கொட்டுகின்றன. அந்த மண்ணில் ஒரு பகுதி, கடல்தளத் தட்டோடு சேர்ந்து பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ரிச்சர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற நிலவியலாளர் 1981இல் இதை வைத்து ஒரு போடு போட்டார். கண்டங்கள் ஆரம்பத்திலேயே கிட்டத்தட்ட இன்றைய அளவுக்கு வந்துவிட்டன, அதன்பின் வரவும் செலவும் சமம் என்றார். அவர் 1991இல் இறக்கும்வரை பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை.

சரி, மூடின கடைக்கு சாட்சி வேண்டுமே? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் இருக்கிறது. அங்கே சுமார் 300 கோடி வருஷம் பழமையான, கூழாங்கல் சேர்ந்து இறுகிய பாறைக்குள் சிர்கான் என்ற கனிமத்தின் துகள்கள் கிடக்கின்றன. (மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலிருந்து நம் ஊரில் பிரித்தெடுக்கும் அதே கனிமம்தான்.) அதில் ஒரு துகளின் வயது 440 கோடி வருஷம் என்று 2001இல் அறிவித்தார்கள். பூமியின் வயதே சுமார் 454 கோடி! முழுப் பாறையாக எடுத்துக்கொண்டால், பரவலாக ஏற்கப்பட்ட மிகப் பழையது கனடாவின் அகாஸ்டா பாறை, 403 கோடி. அப்படியானால் அந்தத் துகள் பிறந்த தாய்ப்பாறை எங்கே? இதுவரை எங்கும் கிடைக்கவில்லை. கடை மூடி யுகங்களாகிவிட்டன, அது போட்ட பில் மட்டும் பக்கத்துக் கடை டிராயரில் கிடக்கிறது.

வயதை எப்படி நம்புவது என்றால், இது எங்கள் ஏரியா. சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. அசல் எவ்வளவு, ஏறிய வட்டி எவ்வளவு என்று பார்த்தால் டெபாசிட் போட்ட தேதி தெரியும் இல்லையா? அதிலும் யுரேனியத்தில் இரண்டு வகை. ஒன்று பாதியாகக் குறைய சுமார் 447 கோடி வருஷம், இன்னொன்றுக்கு சுமார் 70 கோடி. இரண்டு பேரேடும் ஒரே தேதியைச் சொன்னால்தான் வயதை நம்பி ஏற்பார்கள். எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் வரும் கதைதான்.

அதே துகளில் இருக்கும் ஹாஃப்னியம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பாறைக்குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து வந்த புது முதலா, பழைய கண்டத்தையே உருக்கி மறுபடி போட்டதா என்று. இப்படிக் கணக்கெடுத்து, 300 கோடி வருஷத்துக்கு முன்பே இன்றைய கண்ட அளவில் சுமார் 65 சதவீதம் உருவாகிவிட்டது என்று 2012இல் புரூனோ துயிம் குழுவினர் எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பாறையாக இன்று மிஞ்சியிருப்பது மிகச் சில சதவீதம்தான். அதன்பிறகு வளர்ச்சி மந்தமானதற்கும் அவர்கள் சொல்லும் காரணம் வரவு குறைந்தது அல்ல, செலவு கூடியது. தட்டுகள் ஒன்றின் அடியில் ஒன்று நுழையத் தொடங்கியதும் அழிவும் அதிகமாகிவிட்டதாம்.

என் கட்சி எது என்றால், ஹர்லி பக்கம் நிச்சயமாக இல்லை. அதற்காக முழுசாக ஆம்ஸ்ட்ராங் பக்கமும் போக மனம் வரவில்லை. "மூடின கடையையும் சேர்" என்பது நியாயம். "இன்று இருக்கும் அளவுக்கு அன்றும் கடை இருந்தது" என்பதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். துயிம் கணக்கிலும் எனக்கு ஒரு உறுத்தல். சிர்கான் அதிகம் உண்டாவது கிரானைட் வகைப் பாறைகளில். ஆதி நிலம் பசால்ட் மாதிரி கருத்த பாறையாக இருந்திருந்தால் அது சிர்கானை அவ்வளவாக விட்டுப் போயிருக்காது. பில்லே போடாமல் வியாபாரம் செய்த கடையை எந்த ஆடிட்டர் பிடிப்பார்?

அசைன்மென்ட்டைத் திருப்பி எழுதச் சொல்லியிருந்தார் சார். டீக்கடைத் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். மூடின கடைகளாக அவர் சொன்னது 41 பெயர். "இன்னும் இருக்குப்பா, ஞாபகம் வரலை" என்றார்.